மணல் மூடிய கல்

முன்னால் ஒரு பெண் சைக்கிளில் போனால் நான் சாலையைப் பார்ப்பேன். ஓரத்துக் கருவேல மரத்தைப் பார்ப்பேன். வானத்தைப் பார்ப்பேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதை ஒரு நல்ல பழக்கம் என்று நினைத்திருந்தேன். அந்தப் பழக்கத்தால் ஒருவருக்கு எட்டு மாதம் முழங்கால் வலித்தது.

ராமநாதபுரத்தில் கேணிக்கரைப் பக்கம் என் சைக்கிள் கடை இருக்கிறது. விற்கும் கடை இல்லை, பழுது பார்க்கும் கடை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு ஸ்பேனரைப் பிடித்தவன் நான். வாடகை சைக்கிள் காலம் போய், சைக்கிளே போய்விடும் என்று பயந்திருந்த நேரத்தில் எங்கள் ஊருக்கும் கியர் சைக்கிள் வந்தது. டாக்டர், வங்கி மேனேஜர், வாத்தியார், துபாயிலிருந்து திரும்பி வந்தவர் என்று பதினைந்து ஆண்கள் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அரண்மனை வாசலில் கூடுவார்கள். நான் மொபெட்டில் பம்பும் டியூபும் வைத்துக்கொண்டு பின்னால் போவேன்.

எனக்கு அந்தப் பயணங்கள் மிகவும் பிடிக்கும். யாரோடும் பேச வேண்டியதில்லை. மொபெட்டை மெதுவாக உருட்டிக்கொண்டே போனால் போதும். முன்னால் வரிசையாக ஓடும் சைக்கிள்களின் செயின் சத்தம் ஒன்றாகச் சேர்ந்து, தூரத்தில் மழை வருவதுபோலக் கேட்கும். இருட்டு கரைந்து சாம்பல் நிறமாகி, அந்தச் சாம்பலில் முதலில் பனைகளும் பிறகு கடலும் தெரியும். பாதித் தூக்கத்தில் போவது போலத்தான் இருக்கும். கனவில் சைக்கிள் ஓட்டினால் கால் வலிக்காது இல்லையா, அப்படி.

குழுவில் ஒரு பெண் உண்டு. ஒரே ஒரு பெண். பெரியாஸ்பத்திரிக்கு எதிரே ஒரு மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். நாற்பதைத் தாண்டிய வயது. தொண்டியில் பிறந்து ராமநாதபுரத்துக்கு வாக்கப்பட்டு வந்தவர். கணவர் ரியாத்தில். சைக்கிள் அவர் கணவருடையது. முதன்முதலில் அதை உருட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தபோது அவரே சொன்னார்.

“புள்ளைக வாப்பா லீவுல வந்தப்ப ஆசையா வாங்குனாகண்ணே. பத்து நாளு ஓட்டுனாக. அவுக போனதுலருந்து நாங்க அதுல துணி காயப்போடுறோம்.”

“இப்ப யாரும்மா ஓட்டப் போறது?”

“நாந்தேன். எனக்கு ஏத்த மாதிரி வச்சுக் குடுங்க.”

இந்த இடத்தில்தான் என் தப்பு ஆரம்பமானது. ஆண்கள் வந்தால் நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவர்களை ஏறி உட்காரச் சொல்வேன். பெடலை அடியில் நிறுத்தி அதன்மேல் குதிகாலை வைக்கச் சொல்வேன். கால் வளையாமல் நேராக நீண்டால் சீட்டின் உயரம் சரி. வளைந்தால் ஏற்ற வேண்டும், எட்டவில்லை என்றால் இறக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் முழங்காலைத் தொட்டே பார்ப்பேன். குழுவில் பதினைந்து பேருக்கும் அப்படித்தான் பார்த்தேன்.

கடைத்தெருவில், எதிரே டீக்கடை பெஞ்சு முழுக்க ஆட்கள் இருக்கும்போது, கறுப்பு அங்கியும் முக்காடுமாக நிற்கும் ஒரு பெண்ணிடம் ஏறி உட்காருங்கள், காலை நீட்டுங்கள் என்று எப்படிச் சொல்வது? எனக்கு வாய் வரவில்லை. சீட்டை அடிவரைக்கும் இறக்கி முடுக்கினேன். இரண்டு காலும் தரையில் ஊன்றும்படி இருந்தால் விழமாட்டார், பெண்களுக்கு அதுதான் பாதுகாப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகளின் சைக்கிளை அப்படித்தான் வைப்பது வழக்கம். அவரும் ஏறிப் பார்க்காமல் நன்றி சொல்லிவிட்டு உருட்டிக்கொண்டு போனார்.

குழுவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எங்கள் பக்கம் காற்று அதிகம். எதிர்க்காற்றில் முன்னால் போகிறவர்தான் அதைக் கிழிக்க வேண்டும். அவர் முதுகுக்குப் பின்னால் வருகிறவர்களுக்குப் பாதிச் சிரமம் குறையும். அதனால் ஆளுக்கு ஒரு கல் என்று முறை வைத்திருந்தார்கள். சாலையோரத்துக் கிலோமீட்டர் கல் வந்ததும் முன்னால் போகிறவர் கையை நீட்டிவிட்டு ஓரம் ஒதுங்கி வரிசையின் கடைசிக்கு வருவார். அடுத்தவர் அடுத்த கல் வரைக்கும் முன்னால் போவார். சைக்கிளுக்கே புதியவரான வாத்தியார்கூட இரண்டாவது வாரமே ஒரு கல் இழுத்தார். மூச்சு வாங்கியபடி பின்னால் வந்தவரின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன்.

அந்தப் பெண்ணின் முறை வரும்போது மட்டும் அவருக்குப் பின்னால் இருப்பவர் வேகமாக ஏறி முன்னால் போய்விடுவார். “நீங்க இருங்க மேடம், நான் பாத்துக்கிறேன்.” ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. செய்தவர்கள் எல்லாரும் ஏதோ நல்லது செய்த முகத்தோடுதான் போனார்கள்.

டீக்கு நிறுத்தும் இடங்களில் ஆண்கள் ஒரு பக்கம் நிற்பார்கள். அவர் என் மொபெட் பக்கம் வந்து நிற்பார். நான் பேசாதவன் என்பதால் என்னிடம் பேசுவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“பாருங்கண்ணே. அவரு டாக்டரு. இவரு மாப்ள. அந்தா அந்தத் தொப்பை இருக்கே, அவரு தம்பி. என்னைய மட்டும் மேடம், மேடம்னு. பேங்க்குக்கு வந்த மாதிரி இருக்கு.”

“மரியாதைக்குத்தாம்மா.”

“மரியாதை வேணாம்ணே. ஒரு கல்லு குடுத்தாப் போதும்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் டீயை ஆற்றிக்கொண்டே சாலையோரத்தில் இருந்த கல்லைப் பார்த்தார். மஞ்சள் தலையும் வெள்ளை உடம்புமாக, தொண்டிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று எழுதியிருந்தது. அவர் பிறந்த ஊரின் பெயர்.

சில வாரங்களில் அவருக்கு முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. முதலில் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு இறங்கி நிற்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பதை எல்லாரும் பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். நாள் முழுக்கக் கடையில் நிற்கிறவர். நாற்பதைத் தாண்டிவிட்டது. பெண்களுக்கு எலும்பு பலம் அவ்வளவுதான். எங்கள் குழுவின் டாக்டர் பல் டாக்டர். அவர்கூட முட்டியைப் பற்றிச் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உப்பூர்ப் பக்கம் போனோம். தேவிபட்டினம் தாண்டியதும் வலது பக்கம் கடலிலிருந்து சூரியன் எழுந்தது. இடது பக்கம் வெறும் உப்பு வெளி. அந்த வெள்ளைத் தரையில் சைக்கிள்களின் நிழல்கள் விழுந்தன. நீள நீளமான நிழல்கள். ஒவ்வொரு சக்கரமும் ஒரு ராட்டினம் அளவுக்கு இருந்தது. சைக்கிள்காரர்கள் சாலையில் போக, அவர்களைவிடப் பெரிய இன்னொரு கூட்டம் உப்பின்மேல் சத்தமில்லாமல் கூடவே போவதுபோல இருந்தது. நான் சாலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். நிழலைப் பார்ப்பதில் எனக்குக் கூச்சமில்லை.

பதினைந்து நிழல்களின் கால்களும் ஒரே மாதிரி நீண்டு மடங்கி நீண்டு மடங்கி ஓடின. கடைசி நிழல் மட்டும் வேறு மாதிரி இருந்தது. அதன் கால் நீளவே இல்லை. முழங்கால் வயிற்றுக்கு ஏறி ஏறி இறங்கியது. சின்னக் குழந்தையின் மூன்று சக்கர வண்டியில் ஒரு பெரிய ஆள் உட்கார்ந்து மிதிப்பதுபோல. வெட்டுக்கிளி போல.

நாற்பது வருடம் சைக்கிளோடு கிடந்தவனுக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டாம். அப்படி மடக்கி மிதித்தால் இருபது வயது ஆணுக்கும் முட்டி போய்விடும். அவர் அந்தக் காலோடு எட்டு மாதமாக எங்களுக்கு ஈடுகொடுத்து வந்திருக்கிறார்.

உப்பூர் டீக்கடையில் வண்டிகள் நின்றன. அங்கேதான் வங்கி மேனேஜர் பேசினார். அவர்தான் குழுவுக்குத் தலைவர் மாதிரி. அடுத்த ஞாயிறு குழுவின் பெரிய பயணம். ராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனை வரைக்கும், எழுபத்தைந்து கிலோமீட்டருக்குப் பக்கம். திரும்பி வர வேன்.

“மேடம், நீங்க வேன்லயே வந்துருங்க. முட்டிய வச்சுக்கிட்டு எதுக்கு ரிஸ்க்கு? இட்லிப் பாத்திரத்த மட்டும் பாத்துக்கிடுங்க. அரிச்சல்முனைல இறங்கி போட்டோவுக்கு எங்க கூட நில்லுங்க.”

“சைக்கிளையும் வேன்ல ஏத்திருவோம் மேடம். போட்டோவுல நீங்கதான் நடுவுல” என்றார் வாத்தியார்.

“போற வழியில வலிச்சு விழுந்தா ரியாத்துக்கு நாங்க பதில் சொல்லணும்ல” என்றார் துபாய்க்காரர். எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தப் பெண் கிளாஸில் டீ தீர்ந்த பிறகும் அதை உதட்டிலேயே வைத்திருந்தார்.

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தைதான். பதினைந்து பேர் முன்னால் அது வரவில்லை. குழுவின் மெக்கானிக், தான் வைத்த சீட்டே தப்பு என்று எப்படிச் சொல்வான்? மொபெட்டின் டயரில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தேன். திரும்பி வரும்போது நிழல்கள் குட்டையாகிவிட்டன. எதுவும் தெரியவில்லை. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

வியாழக்கிழமை மதியம் அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு கடைக்கு வந்தார்.

“செயினுக்கு நல்லா கிரீஸ் வச்சுக் குடுங்கண்ணே. துரு ஏறாம இருக்கணும்.”

“எங்கனயும் தூரமா போறீகளா?”

“இல்லண்ணே. மாட்டி வைக்கத்தேன். துணி காயப்போட வேற இடமில்ல வீட்டுல.”

கிரீஸ் டப்பாவைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன். சைக்கிளைப் பார்த்துக்கொண்டே பேசினேன். அவர் முகத்தைப் பார்த்து என்னால் பேச முடியாது.

“அம்மா, சீட்ட நாந்தேன் தப்பா வச்சுட்டேன். உங்க முட்டியில ஒண்ணும் கோளாறு இல்ல. எறக்கி வச்சதாலதான் வலிக்கிது.”

எதிர் டீக்கடையில் டீ ஆற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

“எப்பத் தெரிஞ்சுச்சு?”

“ஞாயித்துக்கெழமை.”

“உப்பூருல அவுக வேன்ல வாங்கன்னு சொல்லும்போது தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்.”

“அல்லாஹ்!” என்று சொல்லிவிட்டு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். “எட்டு மாசமா ராத்திரி ராத்திரி மருந்து தேய்க்கிறேன். எங்க கடையில வர்ற அத்தனை களிம்பையும் தேச்சுப் பாத்துட்டேன். எனக்கு வயசாயிருச்சுன்னு நானே நம்பிட்டேண்ணே. அன்னைக்கு ஏறி உக்காருங்கன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

“கூச்சமா இருந்துச்சும்மா.”

“கூச்சம் உங்களுக்கு, வலி எனக்கா?”

கிரீஸ் டப்பாவை மூடி வைத்தேன்.

அவர் எழுந்தார். முக்காட்டை இறுக்கிக்கொண்டார். “பிடிங்க சைக்கிள. எல்லாருக்கும் எப்படிப் பாப்பீகளோ அப்படிப் பாருங்க.”

கடைக்கு முன்னால், தெருவிலேயே. முன் சக்கரத்தை என் இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் வைத்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஏறினார். நான் கடைக்குள் தொங்கும் டியூப்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவன் கத்தினான்.

“என்னண்ணே, கடையில சர்க்கஸு ஆரம்பிச்சிட்டீகளா?”

அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஆமா தம்பி, கரடி ஒண்ணு கொறையுது. வாரீயா?” என்றார். பெஞ்சே சிரித்தது. கத்தினவனும் சிரித்தான். அதோடு அவர்கள் தங்கள் பேச்சுக்குத் திரும்பிவிட்டார்கள். நான் இத்தனை காலம் பயந்தது இந்த ஒரு நிமிடத்துக்குத்தான்.

“குதிகால வச்சுட்டேன். வளையுதுண்ணே.”

சீட்டுக் குழாயை இரண்டு விரல் ஏற்றினேன்.

“இப்பயும் வளையுது.”

இன்னும் ஏற்றினேன். குழாயில் ஒரு வளையம் போலத் தேய்ந்த கோடு தெரிந்தது. அவர் கணவர் பத்து நாள் ஓட்டியபோது வைத்திருந்த உயரம் அது. அந்தக் கோடு வந்ததும் நிறுத்தினேன்.

“இன்னும் கொஞ்சம்.”

“இதுக்கு மேலயா?”

“நீங்க பாருங்கண்ணே, என்னையக் கேக்காதீக.”

திரும்பிப் பார்த்தேன். உண்மைதான், இன்னும் வளைந்திருந்தது. கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை ஏற்றிய பிறகுதான் கால் கோல் வைத்ததுபோல நேராக நின்றது. அவர் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“அவுகளுக்குக் கால் குட்டைன்னு நான் சொன்னா நம்பவே மாட்டாக. இந்தக் கோட்ட போட்டோ எடுத்து அனுப்பணும்.”

அன்று கிரீஸ் வைக்கவில்லை. எண்ணெய்தான் விட்டேன், ஓடுகிற சைக்கிளுக்கு விடுவதுபோல.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் சுபுஹு தொழுதுவிட்டு அவர் அரண்மனை வாசலுக்கு வந்தபோது எல்லாரும் ஏற்கெனவே கூடியிருந்தார்கள். மேனேஜர் கையைக் காட்டினார். “மேடம், வேன் அங்கன நிக்கிது.”

அவரே பேசியிருக்கலாம். அவருக்குப் பேசத் தெரியும். பேசாமல் என்னைப் பார்த்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

“சீட்டு… நாந்தேன்…”

“என்னண்ணே? சத்தமா சொல்லுங்க.”

“அவுக சீட்ட நாந்தேன் தாழ்த்தி வச்சிருந்தேன். அளவு பாக்கல. உங்க எல்லாருக்கும் பாத்தேன், அவுகளுக்குப் பாக்கல. அதுலதான் முட்டி வலி. இப்பச் சரி பண்ணிட்டேன். அவுக ஓட்டுவாக.”

இவ்வளவு நீளமாக நான் அந்தக் குழுவில் பேசியதே இல்லை. பல் டாக்டர் முதலில் சிரித்தார். “அப்ப நம்ம சொன்ன எலும்பு, வயசு எல்லாம் பொய்யா?” மேனேஜர் சிரிக்கவில்லை. “சரி, பாம்பன் வரைக்கும் வரட்டும். வலிச்சா வேன்” என்றார்.

கிளம்பினோம். மாசி மாதத்துக் கொண்டல், கிழக்கிலிருந்து நேரே முகத்துக்கு வரும் காற்று. உச்சிப்புளி தாண்டும்போது விடிந்தது. கல்லுக்குக் கல் முறை மாறியது. அந்தப் பெண்ணின் முறை இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் பின்னாலிருந்த வாத்தியார், “இருங்க மேடம்” என்று ஏறிப் போனார். சீட்டைத்தான் நான் ஏற்ற முடியும்.

பாம்பன் பாலத்தில் வரிசை கிடையாது. அங்கே எல்லாரும் அவரவர் வேகத்தில் கடலைப் பார்த்துக்கொண்டு போவார்கள். கீழே பச்சைத் தண்ணீர், அதில் எறும்பு மாதிரி படகுகள். பக்கத்தில் புது ரயில் பாலம் வெயிலில் மின்னியது. பாலத்தின் இரும்பு இணைப்புகளில் சக்கரங்கள் தடக் தடக் என்று ஏறி இறங்கின. அவர் எனக்கு முன்னால் போனார். அன்று நான் வானத்தைப் பார்க்கவில்லை. அவர் முழங்காலைத்தான் பார்த்தேன். நீண்டு மடங்கி, நீண்டு மடங்கி. பாலத்தின் உச்சியில் அந்தரத்தில் நிற்பதுபோல ஒரு நிமிடம் தோன்றியது. பாலம் இறங்கியதும் மேனேஜர் திரும்பிக் கேட்டார்.

“வலிக்கிதா மேடம்?”

“உங்களுக்கு வலிக்கிதா சார்?”

அவர் மறுபடி கேட்கவில்லை.

ராமேஸ்வரம் தாண்டி தனுஷ்கோடிச் சாலையில் இறங்கியபோது காற்று இன்னும் ஏறியிருந்தது. அந்தச் சாலைக்கு இரண்டு பக்கமும் கடல். வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே அலையடிப்பதை ஆண் கடல் என்றும் மீனவர்கள் சொல்வார்கள். எப்போதும் தெற்கேதான் இரைச்சல். அன்று காற்று பெண் கடல் பக்கமாகச் சாய்ந்து எதிரே வந்ததால் அதுதான் இரைந்தது. மணல் சாலையின் குறுக்கே புகை மாதிரி ஓடியது. சக்கரங்கள் தரையில் படவில்லை, அந்தப் புகையின்மேல் போகின்றன என்று சொன்னால் நம்பியிருப்பேன்.

எல்லாரும் களைத்துப்போயிருந்தார்கள். பேச்சு நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. ஒரு கல்லில் டாக்டர் கையை நீட்டி ஓரம் ஒதுங்கினார். அடுத்தது அந்தப் பெண்ணின் முறை. பின்னாலிருந்த வாத்தியார் பழக்கப்படி எழுந்து இரண்டு மிதி மிதித்தார். காற்று அவரை அப்படியே பிடித்து உட்காரவைத்துவிட்டது. “இருங்க மேடம்” என்று சொல்ல அவருக்கு மூச்சு இல்லை.

வரிசைக்கு முன்னால் அந்தப் பெண் மட்டும்.

அவர் முதுகு கொஞ்சம் குனிந்தது. வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முக்காட்டின் நுனி தலைக்கவசத்துக்கு வெளியே வந்து படபடத்தது. பதினைந்து ஆண்களும் ஒருவர் பின்னால் ஒருவராக அவர் முதுகின் மறைவுக்குள் சேர்ந்தார்கள். அந்த நேரத்தில் சத்தம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. காற்றுகூடக் கேட்கவில்லை. செயின்களின் மழைச் சத்தம் மட்டும்.

அடுத்த கல் வர வேண்டிய இடத்தை நான் கவனித்துக்கொண்டே வந்தேன். கல் இருந்தது. ஆனால் மணல் அதைக் கழுத்துவரைக்கும் மூடியிருந்தது. மஞ்சள் தலை ஒரு சாண் மட்டும் வெளியே தெரிந்தது. அவர் அதைத் தாண்டிப் போனார். கை நீட்டவில்லை. பின்னால் இருந்தவர்களில் இரண்டு பேராவது அதைப் பார்த்திருப்பார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. எதிர்க்காற்றில் ஒரு நல்ல முதுகு கிடைத்தவன் ஏன் திறக்கிறான்? நான் ஹாரன் அடித்திருக்கலாம். முறை தப்பினால் பின்னாலிருந்து ஹாரன் அடிப்பது என் வேலை. கட்டை விரல் ஹாரன் மேலேயே இருந்தது. அடிக்கவில்லை.

அடுத்த கல்லும் மணலுக்குள் இருந்தது. அதற்கடுத்ததும். சாலை முடியும் இடத்தில் நிற்கும் அரிச்சல்முனைத் தூண் மணல் புகைக்கு நடுவே தெரிகிறவரைக்கும் அவர்தான் முன்னால் போனார்.

இறங்கியதும் எல்லாரும் சாலையோரச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். மேனேஜர் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, “நல்ல காத்து” என்று மட்டும் சொன்னார். துபாய்க்காரர் காலி பாட்டிலை ஆட்டிக் காட்டினார். “லாத்தா, அங்கன தண்ணி இருந்தா கொஞ்சம் குடுங்களேன்.” எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் பாட்டிலைத் தூக்கிப் போட்டார். துபாய்க்காரர் அதைப் பிடித்த பிறகுதான் தான் எப்படிக் கூப்பிட்டோம் என்று யோசித்த மாதிரி இருந்தது.

போட்டோ எடுத்தார்கள். வாத்தியார் அவரை நடுவில் நிற்கச் சொன்னார். அவர் ஓரத்திலேயே நின்றுகொண்டார்.

பிறகு வேனில் சைக்கிள்களை ஏற்றினோம். அவர் சைக்கிளை அவரே தூக்கிக் கொடுத்தார். நான் மேலே நின்று வாங்கிக் கட்டினேன். யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டேன்.

“நடுவுல கல்லு இருந்துச்சும்மா. மண்ணு மூடியிருந்துச்சு. பாக்கலையா?”

கயிற்றின் நுனியை இழுத்துக் கொடுத்தபடியே அவர் சொன்னார்.

“பாத்தேண்ணே. மூணையும் பாத்தேன்.”